இரண்டில் ஒன்று நின்றால்



ரயிலுக்கு முன்பதிவு செய்கிறோம், வங்கிக் கணக்கில் பணம் போடுகிறோம். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் சர்வர் எனப்படும் கணினிகள் அந்த வேலையை முடித்துத் தருகின்றன. அவை இரவும் பகலும் ஓட வேண்டியவை. அதனால் நல்ல சர்வரில் பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானாலும் தகவல் அழியாதபடி, பல டிஸ்க்குகளை ரெய்டு முறையில் இணைத்திருப்பார்கள்.

இந்தப் பாதுகாப்புக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு பவர் சப்ளையில் ஒன்று நின்றாலும் சர்வர் வழக்கம்போல ஓடும். பயன்படுத்துகிறவருக்கு எதுவும் தெரியாது. இரண்டாவதும் நிற்கிற நாளில்தான், முதலாவது என்றோ போய்விட்டது என்பது தெரியவரும். மாற்று ஏற்பாடு செய்தால் மட்டும் போதாது. அதைக் கண்காணிக்கவும் வேண்டும்.

அதற்கென்றே சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்றொரு சிறு கணினி தனியாக இருக்கிறது. சர்வரை அணைத்தாலும், மின் இணைப்பு உள்ளவரை அது விழித்திருக்கும். வெப்பநிலை, விசிறியின் வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் அளக்கும். கோளாறுகளைக் குறித்து வைக்கும். அதனோடு பேசுவதற்கான ஐபிஎம்ஐ என்ற பொது நெறிமுறையை இன்டெல், எச்பி, டெல், என்இசி நிறுவனங்கள் 1998-இல் வெளியிட்டன. லினக்ஸ் கெர்னலிலேயே அதற்கான டிரைவர் உண்டு. ஐபிஎம்ஐடூல் என்ற இலவச மென்பொருளை இயக்கினால், அளவுகள் வரிசையாகத் திரையில் வரும். 2015 முதல் ரெட்ஃபிஷ் என்ற புதிய நெறிமுறையும் வந்திருக்கிறது.

டிஸ்க்குகளைக் கவனிக்க ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை (ஸ்கேன் பிழை) காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே ஆய்வில், முன்னறிவிப்பே இல்லாமல் பழுதான டிஸ்க்குகளும் ஏராளம். எச்சரிக்கை வந்தால் உடனே டிஸ்க்கை மாற்ற வேண்டும். வராவிட்டாலும் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். பிஎம்சி வழியாக, தொலைவில் இருந்தபடியே சர்வரை அணைக்கலாம், மறுபடி இயக்கலாம். ஐபிஎம்ஐ 2.0-இல், உள்ளே நுழையும் முன்பே கடவுச்சொல்லின் ஹாஷ் மதிப்பை வெளியாள் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கடவுச்சொல்லை ஊகிக்க முயல முடியும். அதனால் பிஎம்சியின் நெட்வொர்க் இணைப்பை இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. அதற்குத் தனி நெட்வொர்க் வேண்டும்.

சர்வர் அறைக்குப் பொறுப்பாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்காணிப்பு மென்பொருளை நிறுவியதோடு நின்றுவிடாதீர்கள். வேலைப் பளு குறைந்த ஒரு நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பவர் சப்ளையின் வயரைக் கழற்றிப் பாருங்கள். யாருக்குச் செய்தி வர வேண்டுமோ, அவருக்கு வருகிறதா? வரவில்லை என்றால், அன்றே சரிசெய்யுங்கள்.