உலாவியும் வழங்கியும்: தமிழ் எழுத்து திரைக்கு வந்த வழி



திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் வளர்த்த அங்காடி அது. நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வணிகர்கள் அங்கே பலசரக்கும் துணியும் பாத்திரமும் விற்றுத் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது, சாலைத் தமிழர்கள் இருந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருந்து கேட்கும் உங்களுக்கு அவர்கள் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இத்தெருவில் மல்லியை இருவகையாக வாங்கலாம். அரைத்துப் பொட்டலம் கட்டிய பொடியாக வாங்கலாம். அல்லது முழு மல்லியாக வாங்கி, வறுத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். பொடி வாங்குவது எளிது. ஆனால் அதில் மிளகாய் எத்தனை பங்கு, மஞ்சள் எத்தனை பங்கு என்பது விற்றவருக்கே வெளிச்சம். அதைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் இயலாது. முழுச் சரக்கு வாங்கியவரோ தம் வீட்டு நாவுக்கு ஏற்றபடி பங்கு போட்டு அரைப்பார்.

கணினி நிரல்களும் இவ்வாறே இருவகையாகக் கிடைக்கின்றன. மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்பட்டது மூல நிரல். அது முழு மல்லி. அதனைக் கணினிக்கு மட்டும் புரியும் எண்வரிசையாக அரைத்துத் தருவது தொகுப்பி என்னும் இன்னொரு நிரல், அதுவே மில். அரைத்து வந்த பொடியைக் கணினியில் உரிய இடங்களில் வைத்து ஓடச் செய்வதை நிறுவுதல் என்கிறோம். இணையத்தில் தமிழ் எழுத்து நேராகத் தெரிந்ததற்கும் உடைந்து தெரிந்ததற்கும் இந்த மில்லில் நடந்த காரியமே பெரும்பாலும் காரணமாயிருந்தது. அக்கதையைத்தான் இன்று சொல்லப் புகுகிறேன்.

ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1990இல் இரண்டு நிரல்களை எழுதினார். ஒன்று பக்கங்களைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டுவது, அது உலாவி. மற்றொன்று கேட்டவருக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுப்பது, அது வழங்கி. கடைக்கு வரும் வாடிக்கையாளரும், பெட்டியடியில் அமர்ந்து சரக்கு எடுத்துக் கொடுப்பவரும் போல இவ்விரண்டும் இணைந்தே இயங்கும். அந்த முதல் வழங்கி ஓடிய கணினியின்மீது, இதை யாரும் நிறுத்திவிடாதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். உலக வலை முழுவதும் அன்று ஒரு மேசைமேல் இருந்தது! 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் அந்த நிரல்களை யாவருக்கும் பொதுவாக்கி அறிவித்தது. அவ்வறிவிப்பு இல்லையெனில் மேலே சொல்லப்போகும் எதுவும் நடந்திராது என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் மொசைக் என்னும் உலாவியை வெளியிட்டனர். அந்நாளில் பல்கலைக்கழகங்களில் இருந்த யூனிக்ஸ் கணினிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியின் வார்ப்பு. ஒன்றுக்கு அரைத்த பொடி மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே மூல நிரலையே கொடுத்து, உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது வழக்கமாயிருந்தது. மேக்ஃபைல் என்னும் குறிப்புத் தாளைத் திறந்து, தம் கணினி எவ்வகையது என்பதைக் கையால் திருத்தி, மேக் என்ற கட்டளையைத் தந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஏதேனும் ஒரு துணை நூலகம் இல்லையென்று தெரியவரும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மொசைக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் மூல நிரல் இலவசம். ஆனால் சாளரங்களையும் பொத்தான்களையும் வரைவதற்கு அது நம்பியிருந்த மோட்டிஃப் என்னும் நூலகத்தை விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. மல்லி தருமமாகக் கிடைத்தது, மில்லுக்குக் கூலி கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் வைத்திருந்த ஏழை மாணவர் பலர், மோட்டிஃப் வாங்கிய புண்ணியவான் எவரேனும் அரைத்துப் போட்ட பொடியைத் தேடி எடுத்துக்கொண்டனர்.

வழங்கியின் வரலாறு இன்னும் சுவையானது. அதே இல்லினாய்ஸ் கூடத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி உலகெங்கும் பரவியது. 1994இல் அவர் அங்கிருந்து விலகவே, அதைப் பேணுவார் இல்லாமற் போயிற்று. ஆனால் மூல நிரல் எல்லார் கையிலும் இருந்ததல்லவா? தத்தம் வழங்கிகளை நடத்திவந்தவர்கள் கண்ட பிழைகளைத் தாமே திருத்தி, திருத்தங்களை அஞ்சலில் பரிமாறிக்கொண்டனர். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல மூல நிரலில் ஒட்டுப் போட்டார்கள். 1995இல் அவ்வொட்டுகளைத் திரட்டி ஒரு புதிய வழங்கியாக வெளியிட்டனர். அதற்கு அப்பாச்சி என்று பெயர். அமெரிக்கப் பழங்குடி இனம் ஒன்றின் பெயர் அது. ஒட்டுப்போட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு சிலேடையாகவும் ஒலிக்கும். ஓராண்டுக்குள் உலகில் மிகுதியாகப் பயன்பட்ட வழங்கியாக அது உயர்ந்தது.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் திறக்கப்பட்டது. குறைந்த கட்டணம் செலுத்திய மாணவர்களுக்குக் கிடைத்தது எழுத்து மட்டும் காட்டும் கணக்கு. படம் இல்லை, அவ்வெழுத்தும் ஆங்கில எழுத்தே. தமிழ் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். முதலில் அது கடல்கடந்த தமிழரிடமிருந்தே வந்தது. 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைத் தளத்தில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் ஏறியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவைச் செய்து இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றவும் வழிசெய்தார். ஊரைவிட்டு அகன்றிருப்பவர்க்கே எழுத்தின்மேல் ஏக்கம் மிகுதி போலும்.

அன்றைய எழுத்துருக்களில் ஒரு தந்திரம் இருந்தது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துவிடுவார்கள். உலாவி தான் ஆங்கிலம் காட்டுவதாகவே எண்ணிக்கொள்ளும்; காண்பவர் தமிழைக் காண்பார். அந்த எழுத்துரு இல்லாதவர்க்கோ வெறும் குழப்பம். பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு என்று ஆகி, வாசகர் ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கிக்கொள்ளும் நிலை வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் கண்டது. இறுதியில் நிலைத்தது, உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிய யூனிகோடு. தமிழுக்கு 1991 முதற்கொண்டே அதில் இடம் இருந்தது.

இடம் இருந்தும் தமிழ் உடைந்து தெரிந்தது. ஏன்? 'கொ' என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். நாம் எழுதும்போது கொம்பு முன்னே வரும், நடுவில் 'க' வரும், கால் பின்னே வரும். ஆனால் யூனிகோட்டில் ஒலிப்பின் முறைப்படி 'க' முதலில் சேமிக்கப்படும், உயிர்க்குறி பின்னர் வரும். திரையில் காட்டும் நேரத்தில் கொம்பை எடுத்து முன்னால் வைப்பது உலாவியின் கடமை. ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. ஆகையால் அதை எழுதியவர்கள் பலருக்கு இது தோன்றவேயில்லை.

நெட்ஸ்கேப் என்னும் நிறுவனம் 1998 மார்ச் 31ஆம் நாள் தன் உலாவியின் மூல நிரலை வெளியிட்டது. அதன் வழிவந்ததே 2004 நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ். அதன் மூல நிரலில் பாங்கோ என்னும் நூலகத்தைச் சேர்த்து அரைக்க வழி இருந்தது. இந்திய எழுத்துகளை ஒழுங்காக அடுக்கத் தெரிந்த நூலகம் அது. ஆயினும் லினக்ஸ் கணினிகளுக்கென்று ஃபயர்ஃபாக்ஸின் தலைமையிடம் அரைத்துத் தந்த பொடியில் அது சேர்க்கப்படவில்லை. ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அதே மூல நிரலை எடுத்து, பாங்கோவைச் சேர்த்து அரைத்துத் தந்தனர். ஆகவே ஒரே பெயர், ஒரே மூலம், ஒரே எழுத்துரு. ஒரு கணினியில் 'கொடி' கொடியாகப் பறந்தது, மற்றொன்றில் கொம்பு பின்னே தள்ளப்பட்டுத் தனியே தொங்கிற்று. எழுத்துருவைக் குறைகூறி அதை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் பலர். குறை எழுத்துருவில் இல்லை, அரைத்த மில்லில் இருந்தது. 2008 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸின் மூன்றாம் பதிப்பில்தான் இவ்வேறுபாடு நீங்கியது.

வழங்கியின் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாச்சியை நிறுவும்போது அமைப்புக் கோப்பில், எல்லாப் பக்கங்களும் மேற்கு ஐரோப்பிய எழுத்தில் உள்ளன என்று ஒரு வரி அந்நாளில் முன்கூட்டியே இருந்ததுண்டு. தமிழ்ப் பக்கம் தன்னுள்ளே, நான் யூனிகோடு, என்று சொன்னாலும் உலாவி கேளாது. வழங்கி மேலே ஒட்டி அனுப்பிய சீட்டையே நம்பும். மூட்டைக்குள் புளி இருக்க, மேலே வெல்லம் என்று எழுதி அனுப்பினாற்போல! அந்த ஒரு வரியை அழித்துவிட்டு வழங்கியை மீண்டும் தொடக்கினால் தமிழ் நேராக வரும். ஆனால் அழிக்கும் உரிமை வழங்கியை நடத்துபவருக்கே உண்டு; பிறர் வழங்கியில் இடம் வாங்கியவர் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்.

சாலையை ஏன் முதலிற் சொன்னேன் என்பதற்கு மல்லி மட்டும் காரணமன்று. மூல நிரல் யாவர்க்கும் உரியது என்னும் இயக்கத்தின் இந்தியக் கிளை 2001 ஜூலை 20ஆம் நாள் இதே திருவனந்தபுரத்தில், அவ்வியக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது. கேரள அரசுப் பள்ளிகள் பின்னர் லினக்ஸுக்கு மாறின. மலையாளத்துக்கும் கொம்பு முன்னே வரும் தொல்லை உண்டு. கூட்டெழுத்துகள் வேறு மிகுதி. மலையாளத்துக்காக அடுக்கு முறையைச் செம்மைப்படுத்தியவர்களும் தமிழுக்காகச் செய்தவர்களும் திருத்தியது ஒரே மூல நிரலைத்தான். இன்று குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஆண்டிராய்டு கைப்பேசியும் ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே அடுக்கு நிரலைப் பயன்படுத்துகின்றன. அதுவும் மூலம் திறந்தது, பெயர் பாரசீகச் சொல். சாலைக் கடைக்காரர் தம் கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தியும் மலையாளத்தில் ஒரு செய்தியும் படிக்கும்போது இரண்டையும் அதுவே கோத்துத் தருகிறது.

இதனைச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு வழி எளிது. லினக்ஸ் ஓடும் பழைய கணினி ஒன்று போதும். அப்பாச்சியின் மூல நிரலை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, அது கேட்கும் துணை நூலகங்களையும் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிகர் என்ற கட்டளை உங்கள் கணினியை ஆராய்ந்து, முன்னாளில் கையால் திருத்திய குறிப்புத் தாளைத் தானே எழுதித் தரும். அடுத்து மேக், திரையில் வரிகள் சில நிமிடம் ஓடும். அதன்பின் மேக் இன்ஸ்டால். வழங்கியைத் தொடக்கி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால், வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றும். அந்த வரி இருக்கும் கோப்பைத் திறந்து அழித்துவிட்டு, அவ்விடத்தில் தமிழில் உங்கள் ஊர்ப் பெயரை எழுதி, யூனிகோடு முறையில் சேமியுங்கள். உலாவியை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். கோயம்புத்தூர், கொடைக்கானல், பெரியகுளம் போலக் கொம்புள்ள ஊராயிருந்தால் சோதனைக்கு இன்னும் நல்லது.