பாற்சுரத்தின் மெய்க்காரணம்

கன்றீன்ற பசு, ஓரிரு நாட்களுள் கால்கள் தளர்ந்து வீழ்ந்து, கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, உணர்விழந்து கிடப்பதுண்டு. மிகுதியாகப் பால் கறக்கும் பசுக்களையே இந்நோய் பெரிதும் பற்றும். இதனைப் பாற்சுரம் என்பர். பெயர்தான் சுரம், உடல் சுடுவதில்லை, காதுகள் குளிர்ந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோயுற்ற பசுக்களுட் பாதிக்கு மேற்பட்டவை மடிந்தன. டென்மார்க்கின் கோல்டிங் நகரத்து மிருக வைத்தியர் யூர்கன் ஷ்மிட், மடியிலே நஞ்சு உண்டாவதாகக் கருதி, 1897இல் பொட்டாசியம் அயடைடுக் கரைசலை அதனுட் செலுத்தினார். பசுக்கள் பல பிழைத்தன. பின்னர், வெறுங்காற்றை மடியில் நிரப்பியபோதும் அவை எழுந்து நின்றன. அங்ஙனமாயின் நஞ்சு எங்கே?

விடை 1925இல் கிடைத்தது. இரத்தத்திற் கல்சியம் குறைவதே காரணமென எடின்பரோவில் டிரையர், கிரெக் ஆகிய இருவரும் விளக்கினர். புதிதாய்ச் சுரக்கும் பால் கல்சியத்தை விரைந்து ஈர்த்துவிடுகிறது. காற்று நிரம்பிய மடியோ பால் சுரப்பதைத் தடுக்கிறது.

குட்டிகளுக்குப் பாலூட்டும் நாய்க்கும் இக்குறைபாடு நேரும். அது பசுவைப்போல் துவள்வதில்லை. நடுங்கி விறைக்கும், உடலும் கொதிக்கும். தோற்றம் வேறாயினும், இரண்டிற்கும் கல்சியமே மருந்து. அதனை நாளத்தினுள் மெதுவாகவே செலுத்தல் வேண்டும். விரைந்து செலுத்தின் இதயம் நின்றுவிடும். ஆதலின் அது மிருக வைத்தியரின் பணி.

அவர் வருமளவும், வீழ்ந்த பசுவை நெஞ்சுபடியச் சாய்த்து இருத்துக. வாயில் எதனையும் ஊற்றற்க. விழுங்க இயலாமையால் அது நுரையீரலுட் புகும்.