குழந்தையின் படுக்கையில் தூசி



வீட்டைப் பெருக்கி, துடைத்து, பளிச்சென்று வைத்திருந்தாலும் விடிந்ததும் குழந்தை அடுக்கடுக்காகத் தும்முகிறது. மூக்கிலிருந்து நீராக ஒழுகுகிறது, கண்ணைக் கசக்குகிறது. காய்ச்சல் மட்டும் இல்லை. தூசி எங்கே இருக்கிறது என்று தாய் தேடுகிறார். பல வீடுகளில் அது இருப்பது தரையில் அல்ல, படுக்கையில்.

வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கு ஒரு மிகச்சிறிய உயிரினம் காரணமாகிறது என்பதை நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் 1964-இல் எடுத்துக்காட்டினார்கள். 'டஸ்ட் மைட்' எனப்படும் அந்தத் தூசு உண்ணியின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அது கடிக்காது. மனித உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் உணவு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஆகவே, கடலோரப் புழுக்கமும் மழைக்காலமும் அதற்கு ஏற்றவை. இலவம்பஞ்சு மெத்தை, கம்பளி, பஞ்சு பொம்மை எல்லாம் அதன் குடியிருப்புகள். அதன் எச்சம் மூச்சோடு உள்ளே போவதுதான் முக்கியத் தொல்லை.

ஒரு வயதுக்குள் வரும் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. தூசி ஒவ்வாமை பொதுவாக அதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரியும். எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தும்மலை நிறுத்தும் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியவை நிறைய. விரிப்பு, போர்வை, தூளித் துணி ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சூடான நீரில் துவைத்தால் உண்ணி சாகும். மெத்தையைச் சுள்ளென்ற வெயிலில் காய வைக்கலாம். பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி ஒருநாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அலச வேண்டும். குளிர் உண்ணியைக் கொல்லும், எச்சம் போவது அலசினால்தான். ஒரு வயதுக்குள் தலையணையே தேவையில்லை. மின்விசிறி இறக்கையை ஈரத்துணியால் துடைக்கும்போதும், மெத்தையைத் தட்டும்போதும் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவது பாட்டிமாரின் அன்பு. ஆனால், அந்தப் புகை பிஞ்சு மூச்சுக்குழாயை உறுத்தும். கொசுவர்த்தியும் சிகரெட்டும் அப்படியே. பவுடரை முகத்தருகே கொட்டுவதையும் விட்டுவிடலாம். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூக்கடைப்புக்கு மருத்துவர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

மூச்சு வாங்குகிறதா என்ற சந்தேகம் வந்தால், குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிற்றின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், விலா உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உதடு நீலம் பூத்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.