வலுவும் மக்குதலும்

ஆய்வுக் கருத்தரங்கைப் பல்கலைக்கழக வளாகத்தை விட்டு ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்குக் கொண்டுவந்த அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். கீழே மனுகாவ் விரிகுடாவில் நீர் வற்றும்போது சேற்றுப்பரப்பு வெகுதூரம் தெரியும். அலையாத்தி வேர்களில் சிக்கிய நெகிழித் துண்டுகளும் தெரியும். நாம் பேசப்போவது அவற்றுக்கு மாற்றாக மக்கும் பொருள்களைப் பற்றித்தான்.

சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் செய்யும் பி.எல்.ஏ. என்ற பாலிலாக்டிக் அமிலம் விறைப்பானது. ஆனால் சட்டென்று உடையும், 60 டிகிரி செல்சியசை நெருங்கினால் இளகும். 1838-இல் அன்செல்ம் பாயென் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டிய செல்லுலோஸின் படிகப் பகுதியோ, நீளவாக்கில் 100 கிகாபாஸ்கலுக்கு மேல் விறைப்புடையது. பி.எல்.ஏ.-வுக்கு அது 3, 4 அளவுதான். இரண்டையும் சேர்த்தால் பொருள் பன்மடங்கு வலுக்கும் என்று தாளில் கணக்கு வரும். கலவையில் அது பலிப்பதில்லை.

ஏன் என்பது பூக்கட்டுகிறவர்களின் கைக்குத் தெரியும். காய்ந்த வாழைநாரை முடிச்சுப் போட்டால் முறியும். தண்ணீரில் நனைத்தெடுத்தால் வளைந்து கொடுக்கும். செல்லுலோஸ் சங்கிலி நெடுக இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை இறுகப் பிடிக்கின்றன. பி.எல்.ஏ. அப்படி நீரோடு ஒட்டாது. உருக்கிக் கலக்கும்போது நார்கள் தமக்குள் ஒட்டிக் கட்டியாகின்றன. நாரில் மிஞ்சிய ஈரம் அந்த வெப்பத்தில் பாலிமர் சங்கிலியையே வெட்டுகிறது. வெப்பத்தைக் கூட்டவும் வழியில்லை. 200 டிகிரியைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். காரத்தில் வேகவைத்து லிக்னினை நீக்குவதும், மேற்பரப்பில் அசெட்டைல் தொகுதிகளை ஏற்றுவதும் இந்தப் பிணக்கைத் தீர்க்கத்தான். அசெட்டைல் மிகுந்தால் நுண்ணுயிர்களின் நொதிகளால் செல்லுலோஸை எளிதில் வெட்ட முடியாது. வலுவுக்காக மக்குதலைக் கைவிட்டால் பழைய நெகிழியிடமே திரும்பிவிடுவோம். என் கவலையெல்லாம் இதுதான்.

செல்லுலோஸ் தரும் பயிர்க்கழிவு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நம் ஆய்வுக் கட்டுரைகள் எளிதாக எழுதிவிடுகின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1980-களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைப் பாருங்கள். சர்க்கரை ஆலைகளுக்குச் சக்கைதான் கொதிகலன் எரிபொருள். அதைக் கேட்டு வாங்க மாற்று எரிபொருள் கொடுக்க வேண்டியிருந்தது. காவிரி டெல்டாவின் வைக்கோலுக்கு மாடு காத்திருக்கிறது. தார் வெட்டியபின் சாய்க்கும் வாழைமரத்துக்கு அவ்வளவு போட்டியில்லை. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை லாரியில் ஏற்றி அனுப்புவது எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. நார் உரிக்கும் எந்திரம் தோப்புக்கே போக வேண்டும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கும்போது நம் ஆய்வாளர்கள் இதைத் தனியாகத் தொடங்க வேண்டியதில்லை.

இங்கே நியூசிலாந்தில் நான் மிக மதிக்கும் வேலை ரோட்டருவாவின் சயான் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது. திராட்சைக் கொடிகள்மேல் போர்த்தும் பறவை வலைகளை இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், வலையை எடுக்கும்போது கழன்று விழுந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஒயினுக்குப் பிழிந்த திராட்சையின் சக்கையை மக்கும் பாலிமரோடு கலந்து அந்தக் கிளிப்பைச் செய்தார்கள். சக்கை தூய செல்லுலோஸ் இல்லைதான். ஆனால் கிளிப் எத்தனை காலம் தாங்க வேண்டும், எந்த மண்ணில் விழும் என்பதையெல்லாம் முதலில் கேட்டுவிட்டுப் பொருளை வடிவமைத்திருக்கிறார்கள். அதே கேள்வியை பி.எல்.ஏ.-வுக்கும் கேட்க வேண்டும். அது மக்குவதற்கு 58 டிகிரி அளவில் இயங்கும் தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். மனுகாவின் குளிர்ந்த சேற்றில் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆகவே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இழுவிசை வரைபடத்தைக் காட்டும் அதே திரையில், உங்கள் மாதிரி எந்த வெப்பத்தில், எந்த மண்ணில் அல்லது நீரில், எத்தனை நாளில் எவ்வளவு சிதைந்தது என்பதையும் காட்டுங்கள். அந்தச் சோதனை இன்னும் செய்யவில்லை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எப்படிச் செய்யலாம் என்று கலந்துரையாடலில் சேர்ந்தே பேசுவோம். முதல் அமர்வு வாழைநாரைப் பற்றியது. கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.