பன்னிரண்டு மாதமும் மனத்துக்கு மருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வருடம் முழுவதும் மனமகிழ்ச்சியோடு வாழ்வதற்கு எளிய வழிகள் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி உங்கள் காரியதரிசி கேட்டபோது, மறுத்துவிடலாமோ என்றே முதலில் எண்ணினேன். வன்னி மண்ணில் நின்றுகொண்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது இலகுவான காரியமன்று. 2009ஆம் ஆண்டு வைகாசியில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. அதன்பின் ஏறக்குறைய மூன்று இலட்சம் சனங்கள் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். அந்தக் கூடாரங்களில் இருந்தவர்கள் பலர் இச்சபையிலும் இருக்கிறீர்கள். உங்கள் முன் வந்து, "சிரித்துக்கொண்டிருங்கள், கவலை பறந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நானும் உங்களோடு எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஆகையால் எனக்குத் தெரிந்த அளவில், நடக்கக்கூடியவற்றை மாத்திரம் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் 2010ஆம் ஆண்டிலே வன்னி மக்களின் மனநிலையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தனி மனிதருடைய மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்பது அதன் சாரம். ஒருவரை ஒருவர் நம்புவது, கூடியிருப்பது, துக்கத்தைப் பகிர்வது ஆகிய எல்லாம் அறுந்துபோயின. ஊருக்கே காயமென்றால், ஆளுக்கொரு குளிசை கொடுத்து மாத்திரம் அதனை ஆற்ற முடியாது என்பது விளங்கும். கடல்கடந்த தேசத்திலும் இதற்கொரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஹாவார்ட் சர்வகலாசாலையார் 1938ஆம் ஆண்டு தொடங்கிச் சில நூறு மனிதரின் வாழ்க்கையை எண்பது வருடங்களுக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். நல்ல உறவுகளை உடையவர்களே முதுமையில் சுகமாகவும் நிறைவாகவும் இருந்தார்கள் என்று கண்டார்கள். பணமும் புகழும் அவ்வளவு உதவவில்லையாம். நம்முடைய ஆச்சிமாருக்கு இது புதுச் செய்தியன்று.

அவர்கள் இதை ஏட்டில் எழுதிவைக்கவில்லை, பஞ்சாங்கத்தில் வைத்தார்கள். தைப்பொங்கல், தைப்பூசத்திலே புதிர், மாசியிலே சிவராத்திரி, சித்திரையிலே வருடப்பிறப்பு, வைகாசியிலே வற்றாப்பளைப் பொங்கல், ஆடிப்பிறப்புக் கூழ், புரட்டாதியிலே நவராத்திரி, ஐப்பசியிலே கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவெம்பாவை. ஒருவன் இரண்டு மாதம் தொடர்ந்து தனியே வீட்டு மூலையில் கிடக்க இந்தப் பஞ்சாங்கம் விடாது. இதைப் பக்தி என்று மட்டுமே எண்ணியிருந்தேன். வயது ஏற ஏறத்தான், இதற்குள் ஒரு வைத்தியமும் இருக்கிறதென்று தெரிந்தது.

மார்கழியை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, இருட்டு, சேறு. உடம்பும் மனமும் சோர்ந்து கிடக்கிற காலம். அந்த மாதத்திலேதான் விடியமுன் எழுந்து, குளித்து, சங்கூதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு, வாசல்தோறும் திருவெம்பாவை பாடிப் போகிறோம். நேரத்துக்கு நித்திரை கொண்டு நேரத்துக்கு எழும்புதல், விடியற்காலையில் நடத்தல், பலரோடு சேர்ந்து பாடுதல் ஆகியவற்றையே மனச்சோர்வுக்கு இன்றைய வைத்தியர்களும் சொல்கிறார்கள். ஆனால் நமது வாலிபர்களோ இரவு ஒரு மணிவரை கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள், நான் பழையகாலத்து மனிதன்தான். ஆயினும் மார்கழிப் பத்து நாட்களுக்காவது அதனை ஒன்பது மணிக்கு அணைத்து வைத்துப் பாருங்கள். பதினோராம் நாள் வந்து என்னோடு சண்டை பிடிக்கலாம்.

மாசி பங்குனி வேறுவிதம். காலபோக நெல் வெட்டி முடிந்து கையிலே காசு புழங்கும். முன்னே அருவி வெட்டு என்றால் பத்துப் பதினைந்து பேர் வரிசையாய் இறங்கிப் பாட்டோடு வெட்டுவார்கள். இப்போது இயந்திரம் வந்து ஓரிரு மணித்தியாலத்தில் வெட்டிப் போய்விடுகிறது. இயந்திரத்தை நான் குறைகூற மாட்டேன். குனிந்து வெட்டியவனுக்குத்தான் அந்த முதுகுவலி தெரியும். ஆனால் பாட்டும் போயிற்று, பக்கத்து வயற்காரனோடு பேசுகிற பேச்சும் போயிற்று. அந்த வெறுமையிலே கசிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நெல் விலை சரிந்த வருடங்களிலோ காசும் புழங்காது. கடன் மட்டும் வாசலில் வந்து நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் பேசவேண்டும். இலங்கையிலே 1995ஆம் ஆண்டளவில் இலட்சம் பேருக்கு 47 பேர் வரையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அதுவும் ஒன்று. பின்பு அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. கவலைகள் குறைந்ததனாலன்று, சண்டையும் வறுமையும் அப்படியேதான் இருந்தன. அரசாங்கம் மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1984 தொடக்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்ததே அதற்குப் பெருங்காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். இதிலே நமக்கொரு பெரிய ஆறுதல் இருக்கிறது. அந்தப் பொல்லாத எண்ணம் நிலையானதன்று. வந்து போகிற எண்ணம். அந்த நாழிகையைக் கடந்துவிட்டவர்களிற் பெரும்பாலோர் பின்பு நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

வீட்டிலே மருந்துப் போத்தலைப் பெட்டியில் பூட்டிவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். வடமத்திய மாகாணத்துக் கிராமங்களிலே அப்படிப் பெட்டி கொடுத்துச் சில வருடங்கள் பரீட்சித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பயன் காணவில்லை என்று 2017இல் முடிவு வெளியாயிற்று. ஆகவே கமக்காரர்களே, வயலுக்கு அடிக்க வேண்டிய நாளில் வேண்டிய அளவு வாங்குங்கள். மிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வையாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் கடன் நெருக்கியபோது மூன்று கிழமை எவரோடும் பேசவில்லை. கோயிலுக்கும் வரவில்லை, கமக்காரர் கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் கண்டோம். "மனுசனுக்கு ஏதோ கோபம்" என்று பேசாமல் இருந்துவிட்டோம். அயலிலிருந்த ஒரு பொடியன்தான், சைக்கிள் பம்ப் இரவல் கேட்கும் சாட்டில் தினமும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவர் அவனிடம் வாய்விட்டு அழுதார். பிறகு அவனே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனான். கடன் இன்றும் முழுதாய்த் தீரவில்லை. அவர் இருக்கிறார், இவ்வருடமும் விதைத்தார். பள்ளிக்கூடத்திலே அந்தப் பொடியனைக் கெட்டிக்காரன் என்று எவரும் சொன்னதில்லை.

மனநோய்க்கு வைத்தியசாலைக்குப் போவது வெட்கமென்று இன்னும் சிலர் எண்ணுகிறார்கள். நீரிழிவுக்குப் போகிறோம், இதற்குப் போவதில் என்ன வெட்கம்? கோயிலில் நூல் கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டிக்கொண்டே வைத்தியரிடமும் போங்கள். 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தாரோடு பேசலாம்.

இனி, சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று. சித்திரா பௌர்ணமியில் இறந்த தாயாரை நினைத்தும், ஆடி அமாவாசையில் தந்தையாரை நினைத்தும் விரதம் இருக்கிறோம். துக்கத்துக்கும் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் குறித்தது நம் முன்னோரின் பெருங்கருணை. ஆனால் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர்களுக்கு எந்த நாளைக் குறிப்பது? கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். நான்கு நாளின்பின் வவுனியாவிலும் தொடங்கினார்கள். பதில் கிடையாமலே அவர்களிற் பலர் கண்மூடிவிட்டார்கள். பொட்டு வைப்பதா விடுவதா, திதி செய்வதா விடுவதா என்று தெரியாமல் இருக்கும் மனத்தின் வேதனை, மரணத் துக்கத்திலும் கொடியது. அவர்களிடம் போய், "திதியைச் செய்து மறந்துவிடுங்கள்" என்று நம்மிற் சிலர் புத்தி சொல்லுகிறோம். தயவுசெய்து சொல்லாதீர்கள். செய்வதும் செய்யாது விடுவதும் அந்த அம்மாவின் உரிமை. நல்லநாளில் அவரை அமங்கலமென்று ஒதுக்குவதைப் பாவமென்றே நான் கருதுகிறேன். ஆடிக் கூழை முதலில் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர் பேசினால் இருந்து கேளுங்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

முடிவாக வற்றாப்பளையைப் பற்றி ஒரு வார்த்தை. சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலே உப்புநீரில் விளக்கெரித்து, பின் கண்ணகை அம்மனிடம் போகிற அந்த ஒழுங்கை நீங்கள் அறிவீர்கள். பிள்ளையை இழந்தவரும், காலை இழந்தவரும், எல்லாம் இருந்தும் நித்திரையை இழந்தவரும் அந்த மணலிலே பக்கம்பக்கமாய் அடுப்பு மூட்டுகிறார்கள். யார் என்ன இழந்தார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. விறகு போதாவிட்டால் பக்கத்து அடுப்பிலிருந்து வரும்.

வாலிபர்களே, உங்கள் சங்கம் வருடாவருடம் பொங்கலுக்குப் பஸ் ஒழுங்கு செய்கிறது. அதிலே முன்வரிசையில் நாலு ஆசனம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஒழுங்கையிலே கொஞ்ச நாளாக வெளியில் வராதவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். முதல்நாள் பின்னேரமே போய், "ஆச்சி, நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு வருவோம், வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்று சொல்லுங்கள். வரமாட்டேன் என்றுதான் சொல்லுவா. ஐந்து மணிக்குப் போய்ப் படலையைத் தட்டுங்கள்.