மேலேயிருந்து எண்ணிய காடு
(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு காட்டுல எத்தனை கன மீட்டர் மரம் இருக்குன்னு விமானத்துல எடுத்த படத்தை வச்சுக் கணக்குப் போட முடியும். அது வனத்துறைக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டோம். ஆனால் இன்றைக்குக் காட்டு நிலத்தின் மீது உரிமை கேட்கிற மக்களுக்கு எதிரே படம்தான் சாட்சியாக வந்து நிற்கிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கத்துக்கணும்.

1856-இல் பர்மாவின் பெகு பகுதிக்குப் போன பிராண்டிஸ், காட்டுக்குள் ஒரு கோட்டுவழியே போய், இருபக்கமும் தெரிந்த தேக்கு மரங்களை எண்ணி மொத்தக் காட்டையும் மதிப்பிட்டார். காலனி அரசுக்குத் தேவைப்பட்டது ஒரே பதில்: எவ்வளவு வெட்டலாம்? 1924-இல் அதே பர்மாவில் ஐராவதி டெல்டாக் காடுகளை விமானத்திலிருந்து படமெடுத்தார்கள். பார்க்கிற கண் மேலே போனதே தவிர, கேள்வி மாறவில்லை.

வேலை இப்படித்தான் நடக்குது. ஒரு படத்தில் விழுந்த நிலத்தில் சுமார் 60 சதவீதம் அடுத்த படத்திலும் விழும்படி விமானம் நேர்கோட்டில் பறந்து எடுக்கும். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழே வச்சுப் பார்த்தா மரங்கள் எழுந்து நிற்கும். மரத்தின் நுனியும் அடியும் இரு படங்களிலும் எவ்வளவு இடம் மாறியிருக்கின்றன என்று அளந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். மரத்தலையின் அகலத்தையும், தலைகள் நிலத்தை எத்தனை சதவீதம் மூடியிருக்கின்றன என்பதையும் சேர்த்து, அட்டவணையில் பார்த்துக் கன அளவு சொல்வார்கள். 1:15,000 அளவில் எடுத்த 23 செ.மீ. சதுரப் படம் ஒன்றில் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் அடங்கிவிடும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மரத்தின் கன அளவு பெரிதும் அடிமரத்தின் பருமனைப் பொறுத்தது. படத்தில் தெரிவதோ தலை. தலையைப் பார்த்து உடம்பை ஊகிக்கிறார்கள். 40 செ.மீ. விட்டத்தை 44 என்று ஊகித்தால், உயரம் மாறாவிட்டாலும் கன அளவு 21 சதவீதம் கூடிவிடும். பெரிய மரத்தின் கீழே நிற்கிற சின்ன மரம் படத்தில் விழவே விழாது. அதனால்தான் தரையில் மாதிரி இடங்களைக் குறித்து, ஆள் நடந்துபோய், மரத்தை நெஞ்சுயரத்தில் அளக்கணும். அந்த அளவை வச்சுத்தான் படத்தின் கணக்கைத் திருத்துகிறார்கள். புதர் வெட்டி வழி போடுகிற கூலிக்காரர் இல்லாமல் அந்த அளவு இல்லை. மேலேயிருந்து வந்ததாகச் சொல்லப்படும் எண்ணுக்குள் அவருடைய கால்நடை இருக்கிறது.

நம் நாட்டில் 1965-இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு காட்டுவள முதலீட்டு முன்னாய்வு தொடங்கியது. மரம் சார்ந்த ஆலைகளுக்கு மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். 1981-இல் அதுவே இந்திய வன அளவை நிறுவனமாக மாறியது. பஸ்தரில் சால் காட்டை அழித்துக் காகிதக் கூழுக்காகப் பைன் வளர்க்க 1970களில் உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் போட்டார்கள். ஆதிவாசிகள் எதிர்த்தார்கள், 1980களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அவர்கள் பொறுக்குகிற சால் விதைக்கும் இலுப்பைப் பூவுக்கும் கன மீட்டரில் இடமில்லை. வெட்டினால் என்ன தேறும் என்று கேட்கிற கணக்கில், வெட்டாமல் வாழ்கிறவன் எப்படி வருவான்?

படத்தைக் கொளுத்தணும்னு நான் சொல்லல. 2006-இன் வன உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்த விதிகள், செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்குப் பதிலாகக் கூடாது என்று சொல்கின்றன. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் காட்டுகிற அதிகாரியிடம் கேளுங்கள்: எந்த வருசம், எந்தப் பருவத்துல எடுத்த படம்? தரையில எத்தனை இடத்துல சரிபார்த்தீங்க? பிழை எத்தனை சதவீதம்? எதை எண்ணுவதற்காக எடுத்தீங்க? பதிலை எழுத்துமூலம் வாங்குங்கள். கூடவே கிராமசபையில் பெரியவர்கள் சொல்கிற எல்லையையும், பழைய சுடுகாட்டையும், கிணற்றையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். அதுவும் சான்றுதான்.