காயமுற்ற வளர்ப்பு விலங்குகளும் நம் கடமையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். மோட்டார் வண்டி மோதி இடுப்பொடிந்து வீதியோரத்திற் கிடக்கும் நாயைக் காணாதவர் நம்முள் எவருமிலர். அது நம் வீட்டு நாயாயின், படலையடியிற் கூடும் அயலவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "இனி இது பிழையாது, பிழைத்தாலும் என்ன பயன்?" பிழைக்குமா என்பதற்கு மிருக வைத்தியர் விடை சொல்வார். பயன் என்ன என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.

முதலில், ஒரு காலை இழந்த நாயை எடுத்துக்கொள்வோம். நிற்கும் நாயின் உடற்பாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கை முன்கால்களும் 40 பங்கைப் பின்கால்களும் தாங்குகின்றன. ஆதலால் பின்காலை இழந்த நாயிலும் முன்காலை இழந்த நாய்க்குச் சிரமம் அதிகம். ஆயினும் இருவகை நாய்களும் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் புது நடை கற்றுக்கொள்கின்றன. எஞ்சிய கால்களை உடலின் நடுப்பக்கம் கொணர்ந்தும், தலையை அசைத்தும் அவை சமநிலை காண்கின்றன.

முள்ளந்தண்டு பழுதுற்ற நாயின் நிலை இதனினும் கடினமானது. நீண்ட உடலும் குறுங்காலும் உடைய டாஷண்ட் இன நாய்களை அறிந்திருப்பீர்கள். அவற்றின் முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள மெத்தென்ற தட்டுகள் இளவயதிலேயே உலர்ந்து கெட்டியாகிவிடுகின்றன. ஒருநாள் தட்டொன்று பிதுங்கி முண்ணாணை நெருக்கும், பின்கால்கள் செயலிழக்கும். அப்பொழுது மிருக வைத்தியர் பின்கால் விரலை அழுத்திப் பார்ப்பார். கால் பின்னிழுபடுவது போதாது. நாய் திரும்பிப் பார்க்கவோ முனகவோ வேண்டும். அவ்வாறு நோவை உணரும் நாய்களிற் பெரும்பாலானவை சத்திர சிகிச்சையின்பின் மீண்டும் நடக்கின்றன. நோவை உணராதவற்றிலும் ஏறத்தாழ அரைவாசி, காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்றால் நடக்கும் நிலையை அடைகின்றன.

இத்தகைய நாய்களைக்கொண்டு இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சியொன்று 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிற் பங்குகொண்ட 34 நாய்களும் வீடுகளில் வளர்ந்தவை. நாயின் மூக்கினுள்ளிருந்து எடுத்த ஒருவகைக் கலங்களை அதன் முண்ணாணிற் பழுதுற்ற இடத்திலே செலுத்தினர். செலுத்தப்பெற்ற நாய்கள் பலவற்றின் பின்கால்கள் முன்கால்களோடு இசைந்து நடக்கத் தொடங்கின. எனினும், சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் உள்ள ஆற்றல் திரும்பவில்லை. இதை நாம் மறைத்துப் பேசலாகாது. நடை திரும்பியும் சலம் கழிக்க இயலாத நாயின் அடிவயிற்றை நாள்தோறும் பலமுறை அமுக்கிச் சலத்தை வெளியேற்ற, வீட்டில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

ஜேர்சித் தீவில் 2009ஆம் ஆண்டு அறுவடை இயந்திரத்தில் அகப்பட்டு, ஒஸ்கார் என்னும் பூனை தன் இரு பின்பாதங்களையும் இழந்தது. மிருக வைத்தியர் நொயெல் ஃபிற்ஸ்பற்றிக் அதன் கணுக்கால் எலும்பிலே உலோகத் தண்டுகளைப் பொருத்திச் செயற்கைப் பாதங்களை அமைத்தார். மானின் கொம்பு தோலினூடே வளர்ந்தும் அவ்விடம் புண்ணாகாதிருக்கும் தன்மையைக் கண்டு, இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரி அறிஞர்கள் வகுத்த முறை அது. சில மாதங்களிற் பூனை ஓடவும் தாவவும் தொடங்கியது.

இவற்றைக் கேட்போர், விலங்குக்குத் துயரமே இல்லையென எண்ணிவிடக்கூடாது. போன காலை எண்ணி அது மனம் குமைவதாகத் தெரியவில்லை. எஞ்சிய காலால் எழப் பார்க்கின்றது. ஆனால் நோவை மறைப்பதும் விலங்கின் இயல்பே. நாய் சத்தமிடாதிருப்பதால் நோவில்லை என்று கொள்ளலாகாது. தீனியைப் புறக்கணித்தல், மூலையில் ஒதுங்குதல், தொட்டதும் உறுமுதல், பூனையாயின் தன் உடலை நக்கித் துப்புரவு செய்யாதிருத்தல் ஆகியனவே அது பேசும் மொழி.

ஆதலின் இளைஞர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அடிபட்ட விலங்கைக் காலிற் பிடித்துத் தூக்காது, பலகையொன்றில் மெல்ல ஏற்றிக் கொண்டுசெல்லுங்கள். நோவினால் அது வளர்த்தவரையே கடிக்கக்கூடும். அதனைக் குற்றமாகக் கொள்ளாதீர்கள். வீட்டிலிருக்கும் பனடோலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அது பூனையின் உயிரைக் குடிக்கும் நஞ்சு. எழ இயலாததைச் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்; ஈரப் படுக்கையிற் கிடந்தால் புண் உண்டாகும். வழுக்கும் சீமெந்துத் தரையிற் சாக்கு விரியுங்கள். அளவோடு தீனி கொடுங்கள். உடல் பருத்தால் எஞ்சிய கால்களும் தளரும். பின்கால் வழங்காத நாய்க்குச் சில்லு வண்டி செய்வது தச்சுவேலை தெரிந்த இளைஞர்க்கு இயலாததன்று. அளவை மட்டும் மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா உயிரும் மீளுமென்று நாம் சொல்லவில்லை. தணிக்க முடியாத நோவில் துடிப்பதை நம் ஆசைக்காகப் பிடித்துவைத்தல் அன்பாகாது. அந்நிலையில் நோவின்றி விடைகொடுப்பதும் கருணையே. ஆனால் அம்முடிவு மிருக வைத்தியர் பார்த்தபின் எடுக்கப்படல் வேண்டும். பார்க்குமுன்னரே சாக்கிற் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவரும் வழக்கம் நம்மிடையே இல்லாமற் போகவேண்டும்.

"பிழைத்தாலும் என்ன பயன்?" என்று கேட்பவர்க்கு நாம் கூறும் விடை இதுவே: காவல் காத்தபோது பயன் கருதி அதற்குச் சோறிட்டோம், இப்பொழுது இடும் சோற்றிலேதான் நம் அன்பு தெரியும். இச்சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்கு அண்மையிலுள்ள மிருக வைத்தியர் எங்கிருக்கிறார், எந்நேரத்திற் காணலாம் என்பதை இன்றே விசாரித்து வைப்பார்களாயின், இவ்வுரை வீணாகாது.